ஒரு சோறு பதம் பார்த்த பேராசிரியர்

சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு சரக்குக் கப்பல் வருகிறது. அதிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் கணக்கு உண்டு. எத்தனை டன், என்ன விலை, எவ்வளவு சுங்கவரி என்பதெல்லாம் காகிதத்தில் ஏறிவிடும்.

அதே சமயத்தில் விமானத்தில் வந்திறங்கிய ஒரு வெளிநாட்டுக்காரர் ராயபுரம் பக்கம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1856-ஆம் ஆண்டில் கட்டிய பழைய ரயில் நிலையத்தைச் சுற்றிப் பார்க்கிறார். வெயில் தாங்காமல் ஓர் இளநீர் வாங்கிக் குடிக்கிறார். ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் கோயிலுக்குப் போகிறார். வாசலில் ஒரு முழம் பூ வாங்குகிறார். இது வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்கு வந்த பணம். ஏற்றுமதிச் சரக்குக்குக் கிடைக்கும் பணத்துக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் இளநீர்க்காரர் ரசீது கொடுப்பதில்லை. பூக்காரம்மா பேரேடு எழுதுவதில்லை.

அப்படியானால், வெளிநாட்டுப் பயணிகள் நம் நாட்டில் இந்த ஆண்டு இத்தனை கோடி செலவழித்தார்கள் என்று சர்க்கார் அறிக்கை விடுகிறதே, அது எப்படி?

எல்லாரையும் கேட்டு எழுதிய கணக்கு அல்ல அது. வங்கிகள் தரும் விவரங்களோடு, ஒரு சிலரை மட்டும் முறையாகக் கேட்டு அறிந்ததையும் சேர்த்துப் போடும் மதிப்பு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பழமொழி. எந்தச் சோற்றை எடுப்பது, எத்தனை எடுப்பது, எடுத்ததில் எவ்வளவு பிசகு இருக்கும் என்று ஆராய்ந்து, அந்தப் பழமொழியை இந்த நாட்டில் ஒரு சாஸ்திரமாக வளர்த்தவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவருடைய வாழ்க்கைக்கும் நம் துறைமுகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

தவறவிட்ட ரயில்

1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி கல்கத்தாவில், பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த குடும்பம் ஒன்றில் மகலனோபிஸ் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்து 1912-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லண்டன் பல்கலைக்கழகத்தில் சேருவது என்பதுதான் ஏற்பாடு.

சேருவதற்கு முன் ஒருநாள் கேம்பிரிட்ஜ் நகரைப் பார்த்துவர அவர் போனார். அங்கே கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகில் மயங்கி நின்றதில் லண்டன் திரும்பும் ரயிலைத் தவறவிட்டார். இரவு ஒரு நண்பரின் அறையில் தங்கவேண்டியதாயிற்று. இந்தக் கல்லூரியிலேயே சேர்ந்துவிடலாமே என்று நண்பர் யோசனை சொன்னார். மறுநாளே விண்ணப்பித்தார், இடமும் கிடைத்தது. அந்த ரயில் கிடைத்திருந்தால் அவர் வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கலாம்.

துறைமுகக் குமாஸ்தாவின் குளிர்

இந்தச் சமயத்தில் சென்னையில் நடந்தது என்ன? 1912-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியன்று, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவர்தாம் சீனிவாச ராமானுஜன். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் ஆகிய இருவரும் அந்தக் குமாஸ்தாவின் அருமையை அறிந்து ஆதரித்தார்கள். 1914-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா என்ற கப்பலில் ராமானுஜன் இங்கிலாந்து புறப்பட்டார்.

கேம்பிரிட்ஜில் இருவரும் நண்பரானார்கள். ஒருநாள் மகலனோபிஸ் ராமானுஜனின் அறைக்குப் போனபோது, இரவெல்லாம் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் வருந்தினார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தும் நடுக்கம் நிற்கவில்லையாம். மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு சேர்த்து ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்பது நம் சென்னைவாசிக்குத் தெரியவில்லை. அவற்றின் மேலேயே படுத்து வந்திருக்கிறார். மகலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டிக் கொடுத்தார்.

இன்னொரு நாள் நடந்தது இது. ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்திருந்த புதிர்க்கணக்கை அவரிடம் வாசித்தார். ஒரு தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்புறமுள்ள வீட்டு எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். அந்த வீட்டு எண் என்ன? மகலனோபிஸ் சில நிமிஷங்களில் போட்டுப் பார்த்து விடையைக் கண்டுபிடித்திருந்தார். மொத்தம் 288 வீடுகள். வீட்டு எண் 204. ராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமலே, இந்த மாதிரித் தெருக்கள் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் தொடர்பின்னம் ஒன்றைச் சொல்லிவிட்டார்.

முடிவில்லாத எண்களின் உலகம் ராமானுஜனுடையது. கையில் உள்ள தெருவின் கணக்கை விரைவாகப் போட்டு முடிப்பது மகலனோபிஸின் வழி. பின்னால் இந்தத் தேசமே அவருடைய தெருவாயிற்று.

கப்பலில் படித்த புத்தகம்

1915-இல் பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறி, விடுமுறைக்காக ஊர் திரும்ப ஆயத்தமானார் மகலனோபிஸ். உலகப் போர் காரணமாகக் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. காத்திருந்த நாட்களைக் கல்லூரி நூலகத்தில் கழித்தார். அங்கே ஆசிரியர் மெக்காலே என்பவர் பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் சஞ்சிகையை அவருக்குக் காட்டினார். அந்தத் தொகுதிகள் முழுவதையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். பௌதிக மாணவராகப் போனவர் புள்ளியியல் பித்தராகத் திரும்பினார்.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிக ஆசிரியர் வேலை கிடைத்தது. போர் நடந்துகொண்டிருந்ததால் இங்கிலாந்துக்கு மீண்டும் படிக்கப் போகவில்லை. பகலில் பௌதிகம் கற்பித்தார். மிஞ்சிய நேரமெல்லாம் புள்ளிகளோடு மல்லாடினார். கவி ரவீந்திரநாத தாகூரிடம் மிகுந்த பற்றுக்கொண்டு, சுமார் 10 ஆண்டு விசுவபாரதியின் செயலாளராகவும் தொண்டாற்றினார். 1923-இல் நிர்மலகுமாரியை மணந்துகொண்டார். ராணி என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட அந்த அம்மையார் கடைசிவரை அவருடைய பணிகளில் துணை நின்றார்.

வெள்ளமும் கணக்கும்

1922-இல் வடவங்காளத்தில் பெருவெள்ளம். வெள்ளத்தைத் தேக்கி நிறுத்தும் நீர்நிலைகள் வெட்டவேண்டும் என்று என்ஜினீயர்கள் கருதினார்கள். மகலனோபிஸ் பல ஆண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் ஒப்பிட்டார். அந்த ஏற்பாடு பயன் தராது, நீர் விரைந்து வடிவதற்கு வழி செய்வதே தேவை என்று காட்டினார். 1926-இல் ஒரிஸ்ஸாவில் வெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை மேடிட்டுவிட்டது, கரையை உயர்த்தவேண்டும் என்பது அப்போது நிபுணர்களின் அபிப்பிராயம். சுமார் 60 ஆண்டுப் புள்ளிகளை அலசி, படுகை மேடிடவில்லை, வெள்ளத்துக்குக் காரணம் மேற்பகுதியில் பெய்த அதிக மழையே என்று அவர் நிரூபித்தார். மேலே அணை கட்டித் தண்ணீரைத் தடுக்கலாம் என்ற அவருடைய கணிப்பு, பிற்காலத்தில் மகாநதியில் எழுந்த ஹிராகுட் அணைக்கு ஒரு முன்னோடியாயிற்று.

பெரிய மனிதர்களின் அபிப்பிராயத்தைவிடச் சிறிய எண்களின் சாட்சியம் பெரிது என்பதை நாடு உணரத் தொடங்கியது.

1931-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி கல்கத்தாவில் கூடிய ஒரு கூட்டத்தில் இந்தியப் புள்ளியியல் கழகம் உருவாயிற்று. மாநிலக் கல்லூரியின் பௌதிகப் பகுதியில் ஓர் அறையே அதன் இருப்பிடம். முதல் ஆண்டுச் செலவு மொத்தம் 238 ரூபாய்தான். பிற்காலத்தில் உலகத்து நிபுணர்கள் தேடி வந்த ஸ்தாபனத்தின் ஆரம்பம் அவ்வளவு எளியது.

சணல் வயலில் சோதனை

அக்காலத்தில் வங்காளத்தின் பெருஞ்செல்வம் சணல். உலகமெல்லாம் சாக்குக்கும் படுதாவுக்கும் அதுதான் வேண்டும். எத்தனை ஏக்கரில் சணல் பயிராகிறது, எத்தனை பொதி விளையும் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் விலை நிலைக்கும். அதற்கு வழி, வயல் வயலாகப் போய் முழுவதும் எண்ணுவதே என்று பலர் நினைத்தார்கள்.

மகலனோபிஸ் வேறு வழி சொன்னார். மாகாணம் முழுவதிலும் தற்செயலாக, யாருடைய விருப்பத்துக்கும் இடம் கொடாமல், சிறு சிறு துண்டு நிலங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் கவனமாக அளந்தால் போதும் என்றார். 1937 முதல் சோதனை நடந்தது. 1941-இல் மாதிரி ஆய்வு, வயல் வயலாக எடுத்த கணக்கு இரண்டும் வெளிவந்தன. பருவம் முடிந்து சணல் சந்தைக்கு வந்தபோது உண்மை தெரிந்தது. வர்த்தகத்தில் வந்த பொதிகளின் எண்ணிக்கைக்கு மாதிரி ஆய்வின் மதிப்பு மிக அருகில் இருந்தது. வயல் வயலாக எண்ணிய கணக்கோ வெகுவாகக் குறைந்திருந்தது. முழு எண்ணிக்கைக்கு ஆகும் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்கிலேயே மாதிரி ஆய்வு முடிந்துவிட்டது!

பத்தாயிரக்கணக்கான ஆட்களைக் கொண்டு முழுவதும் எண்ணும்போது, அவர்கள் எல்லாருக்கும் பயிற்சி கொடுக்க முடியாது; எல்லாரையும் மேற்பார்க்கவும் முடியாது. சோம்பலும் ஊகமும் கணக்கில் புகுந்துவிடும். சிலரைக் கொண்டு சிலவற்றை அளந்தால் அவர்களைச் செம்மையாகப் பழக்கலாம். அதுமட்டுமல்ல, ஒரே பிரதேசத்துக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு குழுக்களை ஒருவரையொருவர் அறியாமல் அளக்கச் செய்தார் மகலனோபிஸ். இரண்டு விடைகளும் ஒட்டி வந்தால் கணக்கை நம்பலாம். விலகி நின்றால், எவ்வளவு விலகல் என்பதே பிசகின் அளவைக் காட்டிவிடும். தம் கணக்கைத் தாமே சந்தேகிக்கும் இந்த முறை உலகப் புள்ளியியலுக்கு அவர் தந்த கொடைகளில் ஒன்று. 1945-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. 1947-இல் ஐக்கிய நாட்டு ஸ்தாபனம் மாதிரி ஆய்வுக்கென்று அமைத்த துணைக்குழுவில் தலைமை ஏற்றார்.

வீடு வீடாகக் கேள்வி

சுதந்திரம் வந்தது. நாட்டின் வருமானம் என்ன என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. 1949-இல் அமைந்த தேசிய வருமானக் குழுவுக்கு மகலனோபிஸ் தலைவர், டி. ஆர். காட்கில், வி. கே. ஆர். வி. ராவ் இருவரும் உறுப்பினர்கள். 1948-49-இல் நாட்டின் வருமானம் சுமார் 8,710 கோடி ரூபாய், தலைக்கு 255 ரூபாய் என்று குழுவின் முதல் அறிக்கை சொன்னது.

மக்கள் என்ன வாங்குகிறார்கள், எதற்குச் செலவிடுகிறார்கள் என்ற விவரம் இல்லாமல் இந்தக் கணக்கு நிறைவு பெறாது. ஆகவே 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற கணக்கெடுப்பாளர்கள் தேர்ந்தெடுத்த கிராமங்களுக்குப் போனார்கள். அரிசிக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, விளக்கெண்ணெய்க்கு எவ்வளவு என்று வீட்டுக்காரரைக் கேட்டு எழுதினார்கள்.

அங்கே ஒரு சங்கடம் எழுந்தது. போன வாரம் செலவழித்ததைக் கேட்டால் ஒரு விடை. போன மாதம் செலவழித்ததைக் கேட்டால் வேறொரு விடை. மனித ஞாபகம் தராசுபோல் நிற்பதில்லை. மகலனோபிஸ் இதையும் ஊகத்துக்கு விடவில்லை. சில வீடுகளில் உணவுப் பொருளைத் தினமும் நிறுத்துப் பார்த்து, எந்தக் கேள்விக்கு வரும் விடை உண்மைக்கு அருகில் இருக்கிறது என்று சோதிக்கச் செய்தார். செலவைப் பற்றிக் கேட்பதிலும் ஒரு சாஸ்திரம் உண்டு என்று அதனால் தெளிவாயிற்று.

எண்ணூருக்கு வந்த இயந்திரங்கள்

மகலனோபிஸின் வாழ்க்கையில் மிகப் பெரிய புகழும் மிகக் கடுமையான கண்டனமும் ஒரே காரியத்தால் வந்தன. அதுதான் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம். 1955-இல் பிரதமர் நேருவின் விருப்பப்படி அதன் வரைவை அவர் தயாரித்தார். இரும்பு, இயந்திரம், மின்சாரம் ஆகிய மூலத்தொழில்களில் முதலில் பணம் போடவேண்டும். இயந்திரத்தை உண்டாக்கும் இயந்திரம் நம்மிடம் இருந்தால் மற்றவை பின்னால் வரும் என்பது அவர் கொள்கை.

வடசென்னைக்காரர்களுக்கு அந்தக் காலத்தை விளக்கவேண்டியதில்லை. எண்ணூரில் லாரித் தொழிற்சாலை, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று 1955-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் பகுதியே புகைபோக்கிகளின் ஊராக மாறியது. பின்னால் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூரில் அனல்மின் நிலையமும் வந்தன. உப்பளமும் மீன்பாடும் நம்பியிருந்த குடும்பங்களிலிருந்து பிட்டர்களும் டர்னர்களும் தோன்றினார்கள்.

ஆனால் இயந்திரங்கள் சும்மா வருமா? கப்பலில் வந்து இறங்கிய ஒவ்வொன்றுக்கும் பவுனிலும் டாலரிலும் விலை கொடுக்கவேண்டும். 1957-58-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி மூண்டது. இங்கிலாந்தில் சேர்ந்திருந்த நம் ஸ்டெர்லிங் கையிருப்பு வேகமாகக் கரைந்தது. நிதி மந்திரியாயிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி இறக்குமதியைக் கட்டுப்படுத்தவேண்டி வந்தது. 1958-இல் உதவி நாடுகளின் கூட்டத்தை நாட நேர்ந்தது. திட்டத்தின் பல பகுதிகள் சுருங்கின.

மகலனோபிஸின் கணித மாதிரியில் வெளிநாட்டு வர்த்தகத்துக்கு இடமே இல்லை. நாட்டைக் கதவு சாத்திய வீடாக வைத்து அவர் கணக்குப் போட்டிருந்தார். திட்டம் கைக்கு மீறியது என்று பேராசிரியர் பி. ஆர். ஷெனாய் 1955-லேயே தனி மறுப்புக் குறிப்பு எழுதியிருந்தார். சணலிலும் அரிசியிலும் ஒரு பொதிகூடத் தப்பவிடாத மனிதர், கடல் வழியாக வந்துபோகும் பணத்துக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை என்பது அவருடைய வாழ்க்கையின் பெரிய முரண்பாடு. கணக்கில் வராதது திட்டத்திலும் வராது. திட்டத்தில் வராதது ஒருநாள் நெருக்கடியாக வந்து நிற்கும்.

பயணியின் பை

அந்நியச் செலாவணி தட்டிய அந்த நாளில்தான் உல்லாசப் பிரயாணியின் பை சர்க்காரின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. 1951-இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பிரயாணிகள் 16,829 பேரே. 1958-இல் சுற்றுலாவுக்கென்று தனி இலாகா ஏற்பட்டது. சீனப் படையெடுப்புக்குப் பிறகு வருகை தளரவே, 1963-இல் எல். கே. ஜா தலைமையில் ஒரு குழு அமைத்து வழி கேட்டார்கள். இன்னும் பல ஓட்டல்கள் கட்டலாமா, விமானங்களை அதிகப்படுத்தலாமா என்று முடிவு செய்வதற்கு, ஒரு பிரயாணி இங்கே சராசரி எவ்வளவு செலவிடுகிறார் என்பது தெரியவேண்டும்.

வங்கிக் கணக்கைப் பார்த்தால் போதாதா? போதாது. அந்நாளில் ரூபாய்க்குச் சர்க்கார் விலை ஒன்று, சந்து விலை ஒன்று. துறைமுகத்தை ஒட்டிய தெருவில் டாலரை ரகசியமாக மாற்றியவனுடைய பணம் எந்த வங்கியிலும் பதியாது. ஆகவே மகலனோபிஸ் வகுத்த பாதையிலேதான் போகவேண்டியிருக்கிறது. பயணி நாட்டை விட்டுப் புறப்படும் வாசலில், விமான நிலையத்திலோ எல்லைச் சாவடியிலோ, குறித்த இடைவெளியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பது. வரும்போது கேட்டால் அவர் சொல்வது உத்தேசம். போகும்போது கேட்டால் அது அனுபவம். எத்தனை நாள் தங்கினீர்கள், அறைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, சாமான் வாங்கியது எவ்வளவு என்று கேட்டு, அந்தச் சராசரியை மொத்த வருகையோடு பெருக்கிக் காண்பது. பிரிட்டன் 1961-இல் இத்தகைய ஆய்வைத் தொடங்கியது. நம் நாட்டில் 2003-லும் 2009-10-லும் விரிவான பன்னாட்டுப் பயணிகள் ஆய்வுகள் நடந்தன.

சணல் வயலில் கற்ற பாடமெல்லாம் இங்கே உதவும். ஆசாமியைக் கணக்கெடுப்பாளர் தம் விருப்பப்படி பொறுக்கக்கூடாது. சிரித்த முகத்தையும் இங்கிலீஷ் தெரிந்தவரையும் மட்டும் தேடினால் கணக்குச் சாய்ந்துவிடும். சிகிச்சைக்காகச் சென்னை வந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருப்பவர், கோபுரம் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் போகிறவரைவிடப் பன்மடங்கு செலவழிப்பார். அப்படிப்பட்டவர் மாதிரியில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் சராசரி ஆடும். ஓட்டல் பில் ஞாபகத்தில் நிற்கும். இளநீர்க் காசு மறந்துபோகும். ஆகவே ஞாபகத்தை நம்பினால் பெரிய ஓட்டலின் பங்கு பெருத்தும் சிறு வியாபாரியின் பங்கு சிறுத்தும் தோன்றும்.

யார் விருந்தாளி?

இதைவிடச் சிக்கலான கேள்வி, யாரைப் பயணி என்பது. மலேசியக் குடியுரிமை பெற்ற ஒரு தமிழர் திருவொற்றியூரில் அத்தை வீட்டில் 20 நாள் தங்குகிறார். வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை. ஆனால் வீட்டாருக்கெல்லாம் பட்டுத்துணி எடுக்கிறார். அவர் வெளிநாட்டுப் பயணிதான். இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் வேலை செய்து விடுமுறைக்கு ராயபுரம் வரும் பிள்ளை வேறு கணக்கு. வெளிநாடு வாழ் இந்தியரின் வருகையைச் சேர்த்துச் சொல்லும் எண் 2014 முதல்தான் தரப்படுகிறது. எண்ணூரில் இயந்திரம் பூட்டுவதற்காக அயல்நாட்டுக் கம்பெனி அனுப்பி ஒரு வாரம் தங்கும் என்ஜினீயர் பயணி. அதே என்ஜினீயர் இங்குள்ள கம்பெனியில் சம்பளத்துக்கு அமர்ந்தால் பயணி அல்ல. துறைமுகத்தில் இறங்கிக் கடைவீதி சுற்றும் மாலுமியோ, இன்றைய சர்வதேச இலக்கணப்படி, பயணி என்ற வரிசையில் வருவதில்லை.

செலவழித்த பணமெல்லாம் நம்முடையதும் அல்ல. அயல்நாட்டு விமானக் கம்பெனிக்கு அவர் கொடுத்த டிக்கெட் பணம் நம் கைக்கு வராது. நம் கடையில் வாங்கிய பொருள் இறக்குமதிச் சரக்காயிருந்தால் கடைக்காரரின் லாபம்தான் இங்கே தங்கும். ஆகவே பயணிகள் சொன்ன செலவையும், ஓட்டல், வண்டி, கடை ஆகிய தொழில்களின் வரவையும் எதிரெதிரே வைத்துச் சரிபார்க்கும் சுற்றுலாத் துணைக்கணக்கு என்ற முறையை 2000-இல் ஐக்கிய நாட்டு ஸ்தாபனம் ஏற்றது. இந்தியா 2002-03-ஆம் ஆண்டுக்கு முதல்முறையாக அப்படி ஒரு கணக்கைத் தயாரித்தது. ஒரு பக்கத்தை மறுபக்கத்தால் சோதிக்கும் இந்த முறை, ஒரே வயலுக்கு இரண்டு குழுக்களை அனுப்பிய மகலனோபிஸின் மனப்போக்குக்கு உகந்தது.

கடைசி நாட்கள்

1967 வரை திட்டக் கமிஷனில் இருந்த மகலனோபிஸுக்கு 1968-இல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. 1972-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, 79 வயது நிறைவதற்கு ஒருநாள் முன்பு, அவர் காலமானார். 2007 முதல் அவருடைய பிறந்தநாளான ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அவருடைய துறைமுக நண்பர் ராமானுஜன் 1920-லேயே, 32 வயதில் மறைந்துவிட்டார். அவர் நினைவாக 1993-இல் ராயபுரத்தில் ஓர் அருங்காட்சியகம் தோன்றியது.

2019-இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1 கோடியே 9 லட்சம் பேர். அவர்களால் வந்த அந்நியச் செலாவணி 2 லட்சத்து 11 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. மறு ஆண்டு கொரோனா வந்தது. வருகை சுமார் 27 லட்சமாகச் சரிந்தது. அந்த ஆண்டில் எத்தனை ஓட்டல் அறைகள் காலி என்பதைச் சொல்லிவிடலாம். எத்தனை பூக்கூடைகள் விற்காமல் வாடின, எத்தனை ஆட்டோக்கள் சவாரியின்றி நின்றன என்பதற்கு ரசீது இல்லை. நாடு முழுவதற்கும் வகுத்த ஒரு மாதிரி, நாட்டின் தொகையைச் சொல்லும். ஒரு பேட்டையின் பங்கைச் சொல்லாது. அதற்கு அந்தப் பேட்டையிலேயே போய்க் கேட்கவேண்டும்.

நிவாரணம் கொடுக்கும்போதும் சாலை போடும்போதும் படகுத்துறை கட்டும்போதும் சர்க்கார் பார்ப்பது எண்ணைத்தான். எண்ணில் இல்லாத இளநீர்க்காரர் அந்த வரிசையில் இல்லை. வடசென்னைக்கு வரும் வெளிநாட்டார் குறைவு என்று பேசுகிறோம். மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் இருப்பவர்களை எண்ணிவிட்டு வடக்கே வராமலே சொல்லும் பேச்சானால், அது பானையின் மேற்சோற்றை மட்டும் எடுத்துப் பதம் பார்ப்பதற்குச் சமானம்.

பானையை நன்றாகக் கிளறிவிட்டு, அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் ஒரு பருக்கை எடுக்கவேண்டும் என்பதுதான் பேராசிரியர் மகலனோபிஸ் வாழ்நாளெல்லாம் சொன்னதன் சாரம். தாம் கிளறாமல் விட்ட ஓரத்துக்கு 1957-இல் நாடு என்ன விலை கொடுத்தது என்பதையும் அவர் வாழ்க்கையே காட்டுகிறது. அடுத்த முறை ஒரு கணக்கெடுப்பாளர் ராயபுரத்துத் தெருவுக்கு நோட்டோடு வந்து நின்று, இளநீர்க்காரரிடம் நேற்று எத்தனை காய் விற்றது, யார் யார் வாங்கினார்கள் என்று கேட்டால் அவரை விரட்டவேண்டாம். நிழலில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள்.